இடிமேகத்தை இனங்கண்டு கொள்ளுங்கள்

சித்திரை மாதத்தில் இறவை நிலக்கடலையைப் பிடுங்கிக் களத்தில் காயப்போடுகிறீர்கள். காலையில் வானம் தெளிவாக இருக்கிறது. மாலை நான்கு மணிக்குள் இடியுடன் மழை கொட்டி, காய் முழுவதும் நனைந்து பூஞ்சாணம் பிடிக்க ஏதுவாகிறது. இத்தகைய மழை பெரும்பாலும் அறிவிப்பின்றி வருவதில்லை. மேகத்தைக் கவனித்தால் அதனை முன்கூட்டியே உணரலாம்.

மேகம் வளரும் விதம்

வெயிலில் நிலம் சூடேறும்போது ஈரக்காற்று மேலெழும்பிக் குளிர்ந்து மேகமாகிறது.

1. நண்பகலில் சிறு பஞ்சுப் பொதிகள் போலத் திரள் மேகங்கள் தோன்றும். இவை தட்டையாகவே நின்றுவிட்டால் மழைக்கு வாய்ப்புக் குறைவு.

2. அதே மேகம் காலிஃபிளவர் போலப் புடைத்து உயர்ந்தால், காயைக் குவித்துத் தார்ப்பாயால் மூடுங்கள். மருந்து தெளிப்பதையும் மேலுரம் இடுவதையும் ஒத்திப்போடுங்கள்.

3. உச்சி கொல்லன் பட்டடைக்கல் போலப் பக்கவாட்டில் விரிந்து, அடிப்பாகம் கறுத்துவிட்டால், அதுவே கார்திரள் மேகம், அதாவது இடிமேகம். புழுக்கம் நீங்கிக் குளிர்காற்று புழுதியுடன் வீசினால், மழை நெருங்கிவிட்டது என்று அறியலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் வானம் முழுவதையும் சாம்பல் நிறத்தில் மூடும் கார்படை மேகம் வேறு வகை. அது நிதானமாக நெடுநேரம் பெய்யும்; மின்னல் அரிது. ஆயினும் அதனுள் இடிமேகம் மறைந்திருக்கலாம். எனவே இடியோசையைக் கவனிக்க வேண்டும்.

மின்னலின் தொலைவை அறிதல்

மின்னலைக் கண்டதும் வினாடிகளை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 வினாடி ஆகும். 15 வினாடி கழித்து இடி கேட்டால் மின்னல் 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 30 வினாடிக்குள் கேட்டால், களத்து வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிடத்துக்குள் செல்லுங்கள். நனைந்த காயை மீண்டும் உலர்த்தலாம். உயிரை மீட்க இயலாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்னரே வெளியே வாருங்கள்.

செய்யக் கூடாதவை

* தனியே நிற்கும் பனை, தென்னை, புளிய மரங்களின் அடியில் ஒதுங்காதீர்கள். மாடுகளையும் அங்கே கட்டாதீர்கள்.
* நீர் நிற்கும் வயலில் நிற்காதீர்கள். கம்பி வேலியையும் மோட்டார் சுவிட்சையும் தொடாதீர்கள்.
* பக்கச் சுவரில்லாத தகரக் கொட்டகையை நம்பாதீர்கள்.

ஒதுங்க இடமே இல்லையெனில், மண்வெட்டியை எறிந்துவிட்டு, கால்களைச் சேர்த்துக் குந்தித் தலையைக் குனிந்து கொள்ளுங்கள். தரையில் படுக்க வேண்டாம்.

மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. அவரைத் தயங்காமல் தொட்டு முதலுதவி செய்யலாம். மூச்சு நின்றிருந்தால், நடுமார்பை விடாமல் அழுத்திக்கொண்டே, 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

கைப்பேசி வைத்திருப்போர் 'தாமினி' செயலியில் மின்னல் எச்சரிக்கையைப் பெறலாம். எனினும், நண்பகலில் ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்க்கும் வழக்கத்தைக் கைவிடாதீர்கள். விளைச்சலையும் உயிரையும் காத்துக்கொள்ள அது பெரிதும் உதவும்.