யாருக்காகப் பகிர்கிறோம்?

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கோவிட்-19 பெருந்தொற்றின் காரணமாக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தது. நாள் கூலிக்கு உழைத்தோரும் சிறு வணிகர்களும் வருமானம் இழந்தனர். வீட்டில் அரிசி தீர்ந்த நிலையிலும் பிறரிடம் கையேந்தக் கூச்சப்பட்டோர் பலர். அப்போது, உதவி தேவைப்படுவோர் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினாலே போதும் என்ற வேண்டுகோள் சமூக ஊடகங்களில் பரவியது. ‘பெண்டேரா பூத்தே’ எனப்பட்ட இந்த வெள்ளைக்கொடி இயக்கம் சில நாள்களிலேயே நாடெங்கும் அறியப்பட்டது.

வாசலில் தொங்கும் கொடி, அத்தெரு வழியே செல்வோரின் கண்ணில் மட்டுமே படும். அதைக் கண்டவர்கள் புலனத்திலும் முகநூலிலும் செய்தியைப் பகிர்ந்ததால், முன்பின் அறியாதவர்களும் உணவுப்பொருள்களோடு அவ்வீடுகளைத் தேடிச் சென்றனர். ஒரு பகிர்வு ஒரு வீட்டின் அடுப்பை எரிய வைத்தது.

ஆனால், எல்லாப் பகிர்வுகளும் உதவும் எண்ணத்தில் பிறப்பவை அல்ல. மகிழ்ச்சியைத் தெரிவிக்கவும், நண்பர் கூட்டத்தில் நாமும் ஒருவர் என உணர்த்தவும், பாராட்டைப் பெறவும் நாம் பகிர்கிறோம். பிறர் அறியாததை முந்திச் சொல்லும் ஆசையாலும் பகிர்கிறோம். இந்த ஆசையில்தான் ஆபத்து மிகுதி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் பரவிய ஏறத்தாழ 126,000 செய்திகளை ஆராய்ந்தனர். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச்செய்தி மீண்டும் பகிரப்படும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம் என அவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. பொய்யில் இருந்த புதுமை மக்களை ஈர்த்திருக்கலாம் என்பது அவர்களின் கருத்து.

செய்தி உண்மையாக இருந்தால் மட்டும் போதுமா? உதவி கிடைத்த பின்னரும் பழைய வேண்டுகோள் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருந்தால், அக்குடும்பத்திற்கு அழைப்புகள் ஓயாது. இன்னும் காத்திருக்கும் மற்றொரு வீடு கவனிக்கப்படாமல் போகவும் கூடும். உதவி பெறுபவரின் முகத்தைப் படம்பிடித்துப் பகிர்வதும் எண்ணிப் பார்க்க வேண்டியதே. வாய்விட்டுக் கேட்கக் கூசியவருக்காகவே வெள்ளைக்கொடி ஏற்றப்பட்டது. அவர் முகத்தை ஊரறியக் காட்டினால் கொடியின் நோக்கமே வீணாகிவிடும்.

ஆகவே மாணவர்களே, பகிரும் முன் சற்று நிதானியுங்கள். செய்தி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஐயம் எழுந்தால், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய ‘செபெனார்ஞா’ இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். செய்தியின் தேதியைக் கவனியுங்கள். படத்தில் இருப்பவரின் இசைவைக் கேளுங்கள். இப்பகிர்வால் நன்மை அடைபவர் அவரா, நாமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்த பிறகு பகிருங்கள்.