கீழப்பழுவூரில் பணிதொடங்கும் இளம் மருத்துவருக்கு: முதல் குளிரும் தைராய்டும்



பனிக்குட நீர் சொட்டச் சொட்டப் பிறக்கும் குழந்தை முதலில் உணர்வது குளிரை. கீழப்பழுவூரில் சித்திரை வெயில் கொளுத்தும் நாளிலும் அப்படித்தான். உடம்பின் ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டுபோய்விடுகிறது. அந்தக் குளிரே பச்சிளங்குழந்தையின் தைராய்டை முடுக்கிவிடும் முக்கியத் தூண்டுதல்.

தோலிலிருந்து கிளம்பும் குளிர்ச்செய்தி மூளையின் ஹைப்போதலாமஸை எட்டுகிறது. மூளைத்தண்டிலிருந்து அங்கே வரும் நரம்பிழைகள் நார்அட்ரினலினைச் சுரந்து, டி.எஸ்.எச்.ஐ விடுவிக்கும் ஹார்மோனான டி.ஆர்.எச்.ஐ உண்டாக்கும் செல்களைத் தூண்டுகின்றன. டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். டி.ஆர்.எச். மூன்றே அமினோ அமிலங்களால் ஆனது. அதன் அமைப்பை 1969இல் கண்டறிந்த ரோஜர் கில்லெமின், ஆண்ட்ரூ ஷாலி இருவரும் 1977இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். இத்தனை சிறிய மூலக்கூறுதான் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வழியே பிட்யூட்டரிக்கு இறங்கி டி.எஸ்.எச்.ஐ வெளிவிடச் செய்கிறது. டோபமினும் சோமடோஸ்டேட்டினும் அதை அடக்குகின்றன. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடினாலும் சுரப்பு தணிகிறது.

குளிரில் வைத்த எலிக்கு டி.எஸ்.எச். விரைவில் ஏறும். வளர்ந்த மனிதருக்கு அந்த ஏற்றம் சொற்பம், பல நேரம் இல்லவே இல்லை. பிறந்த குழந்தைக்கோ அரை மணி நேரத்தில் லிட்டருக்கு 60 முதல் 80 மில்லியூனிட் வரை எகிறிவிடும். பிறகு சில நாட்களில் இறங்கும். குழந்தை தன் பழுப்புக் கொழுப்பை எரித்துச் சூடு உண்டாக்க தைராய்டு ஹார்மோனும் வேண்டும். ஆகவே முதல் நாள் ஏற்றம் நோயல்ல, மூளை தன் வேலையைச் செய்ததன் அடையாளம்.

பிறவித் தைராய்டு குறைபாட்டைக் கண்டறிய டி.எஸ்.எச். அளக்கும் பரிசோதனையில் தவறு நேர்வது பெரும்பாலும் இங்கேதான். முதல் நாளே குதிகாலில் குத்தி எடுத்த ரத்தம் நலமான குழந்தையையும் நோயாளியாகக் காட்டும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. தொப்புள்கொடி ரத்தம் ஏற்றத்துக்கு முந்தையது என்பதால் அதையும் நம்பலாம். மாதிரி எடுத்த நேரத்தோடு பிறந்த நேரத்தையும் தாளில் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. தீவிர சிகிச்சையில் டோபமின் ஏறும் குழந்தைக்கு டி.எஸ்.எச். அடங்கி, உண்மையான குறைபாடு மறைந்துபோகலாம். அந்தக் குழந்தைக்கு மறுபரிசோதனை கட்டாயம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல நகரங்களில் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 1,100 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு இருந்தது. இரண்டு வாரத்துக்குள் லெவோதைராக்சின் தொடங்கினால் அறிவு வளர்ச்சி காக்கப்படும். தாயின் அலைபேசி எண்ணை வாங்காமல், முடிவு வரும் நாளைச் சொல்லாமல், எந்தக் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.