ஸ்கேனுக்கு முன் ஏன் இட்லி வேண்டாம்?

ஒன்பதாம் வகுப்பில் ஐசோடோப்புகளின் பயன்களாக யுரேனியம், கோபால்ட், அயோடின் ஆகியவற்றைச் சொல்லி முடிக்கிறோம். வில்லியனூர், பாகூர் பகுதிக் குடும்பங்கள் பல பெரிய சிகிச்சைக்கு ஜிப்மரையே நாடுகின்றன. அங்கு அணு மருத்துவத் துறையும் இயங்குகிறது. ‘அணு’ என்றதும் அஞ்சும் வீட்டாருக்கு மாணவரே விளக்கம் சொல்ல முடியும். அதற்காக ஃபுளூரின்-18ஐயும் நான் பாடத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

கருத்து விளக்கம்

அழற்சி உள்ள இடத்தில் திரளும் வெள்ளணுக்கள் குளுக்கோஸை மிகுதியாக எடுத்துக்கொள்கின்றன. குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளில் ஃபுளூரின்-18ஐ இணைத்து ஊசி வழியே செலுத்தினால் அதுவும் அங்கே சேரும். வெளிப்படும் பாசிட்ரான் எலக்ட்ரானுடன் சேர்ந்து அழியும்போது இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். பெட் ஸ்கேன் கருவி அவற்றைக் கொண்டு இடத்தைக் கண்டறிகிறது.

ஜப்பானியக் கண் மருத்துவர் டகயாசு 1908இல் விவரித்த நோய், பெரும்பாலும் இளம்பெண்களின் பெருந்தமனியையும் கிளைகளையும் தாக்குகிறது. முற்றினால் மணிக்கட்டில் நாடித்துடிப்பே அகப்படாமல் போகலாம். தொடக்கத்தில் காய்ச்சல், சோர்வு மட்டுமே இருக்கலாம். இரத்தக்குழாய் சுருங்கும் முன்பே அதன் சுவரிலுள்ள அழற்சியை இந்த ஸ்கேன் காட்டக்கூடும்.

உணவுக் கட்டுப்பாடு

இதயத் தசையும் குளுக்கோஸை எரிக்கும். எனவே இதயத்தில் அழற்சியைத் தேடும்போது, முந்தைய நாள் இட்லி, சோறு, பழம், இனிப்பு தவிர்த்து முட்டை, மீன், இறைச்சி, நெய் உண்ணச் சொல்வர், பிறகு பட்டினி. இதயத் தசை கொழுப்பை எரிக்கத் தொடங்கிவிடும். அழற்சி செல்கள் குளுக்கோஸையே நாடும். பசிக்கிறதே என்று ஒரு டம்ளர் கஞ்சி குடித்தால் இதயம் முழுவதும் ஒளிர்ந்து, நோயுள்ள இடம் மறைந்துபோகலாம். சர்க்கரை நோயாளிகள் மருத்துவர் சொற்படியே நடக்க வேண்டும்.

செயல்பாடு

64 முழுப் புளியங்கொட்டைகளின் ஒரு பக்கத்தில் சுண்ணாம்பு தடவுக. (பிளந்த கொட்டை இருபுறமும் சமவாய்ப்பில் விழாது.) குலுக்கிப் போட்டு, வெள்ளை மேலே விழுந்தவற்றை நீக்குக. மீதியை எண்ணி, மீண்டும் போடுக. ஒவ்வொரு வீச்சும் ஓர் அரை ஆயுட்காலம்; ஃபுளூரின்-18க்கு அது 110 நிமிடம். குழுக்களின் சராசரியை வரைபடமாக்குக.

மதிப்பீடு

1. ஐந்து வீச்சுக்குப் பின் ஏறத்தாழ எத்தனை கொட்டைகள் மீதமிருக்கும்? அதற்குரிய நேரம் எவ்வளவு?
2. அரை ஆயுட்காலம் 2 நிமிடமாகவோ 2 ஆண்டாகவோ இருந்தால் என்ன சிக்கல்?
3. ஸ்கேனுக்குச் செல்லும் பாட்டிக்கு உணவுக் கட்டுப்பாட்டை ஐந்து வரிகளில் விளக்குக.

ஆசிரியர் கவனத்திற்கு: கதிர்வீச்சே இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். அளவு குறைவு, விரைவில் தேய்கிறது என்பதே சரி. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள்.