பழைய குளக்கட்டைத் திருத்தினால் மட்டும் போதுமா?

தாழ்வுபாடு மன்னார்த் தீவின் கடற்கரைக் கிராமம். ஒருபக்கம் கடல், மறுபக்கம் மணல். எங்கள் குழாய்களில் வரும் குடிநீர் தீவுக்கு வெளியே, முருங்கன் பகுதிக் கிணறுகளிலிருந்து வருகிறது. அந்தப் பக்கத்து வயல்களுக்குப் பாயும் நீர் கட்டுக்கரைக் குளத்தினுடையது. மல்வத்து ஓயா எனப்படும் அருவியாற்றைத் தேக்கம் அணைக்கட்டு மறித்து, கால்வாய் வழியாக இக்குளத்துக்கு நீர் அனுப்புகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டியதாகச் சொல்லப்படும் இக்குளத்தை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் புனரமைத்தனர். குளம் நிறைந்தால் அயற்கிணறுகளும் நிறையும் என்பது ஊரறிந்த விடயம். ஆகவே பழைய குளக்கட்டின் பலம் கமக்காரருக்கு மட்டும் உரிய கவலை அல்ல. உளூச் செய்யக் குழாயைத் திறக்கும் நமக்கும் அதில் பங்குண்டு.

இதற்குப் பாடமாக அமைவது கந்தளாய்க் குளம். ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியதாக வரலாற்று நூல்கள் கூறும். தமிழ் மரபு அதைக் குளக்கோட்டனோடு சேர்த்துச் சொல்லும். நெல்வயல்களுக்கு மட்டுமன்றி, திருகோணமலைப் பகுதியின் குடிநீருக்கும் அதுவே ஆதாரம். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை 3 மணியளவில், ஊர் உறங்கும் வேளையில், அதன் கட்டு உடைந்தது. 120க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1600க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. மிகப் பாரமான வாகனங்கள் கட்டின்மேல் சென்றமை முக்கிய காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. பின்னர் கட்டு மீண்டும் கட்டப்பட்டது.

புனரமைத்த கட்டு உண்மையில் பலமானதா என்று எப்படி மதிப்பிடுவது? புதிதாகப் பூசிய சீமெந்தைப் பார்த்து அல்ல. பௌதிகவியலில் நாம் படித்த ஒரு சமன்பாடு இங்கே உதவும். நீரின் அமுக்கம் ஆழத்தில் தங்கியுள்ளது. குளத்தின் பரப்பில் அல்ல. 10 மீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஏறத்தாழ 10 தொன் பாரத்துக்குச் சமமான விசை தள்ளுகிறது. எனவே கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியே முதலில் கவனிக்க வேண்டிய இடம். நான்கு கேள்விகளைக் கேட்கலாம்.

1. கசியும் நீர் எப்படி இருக்கிறது?
மண்கட்டு எதுவானாலும் சிறிது கசியும். தெளிந்த நீர் ஒரே அளவில் கசிந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. கலங்கிய நீர் வந்தால், கட்டின் உள்ளிருந்து மண் அரிக்கப்படுகிறது என்பது பொருள். உள்ளே சிறு குழாய்போல ஒரு துளை உருவாகி, நாளடைவில் பெருத்துவிடும். இதைத் தடுக்கக் கட்டின் அடியில் மணலும் சரளையும் கொண்ட வடிகட்டுப் படை இடுவார்கள். அது நீரை வெளியேவிடும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

2. துருசைச் சுற்றி என்ன நிலை?
கல்லும் கொங்கிறீற்றும் மண்ணோடு சேரும் இடத்தில் இடைவெளி விழுவது எளிது. துருசுக் கதவை மட்டும் மாற்றி, சுற்றியுள்ள மண்ணை இறுக்காமல் விட்டால் வேலை பாதிதான்.

3. வான் போதுமா?
மண்கட்டின் மேலால் வெள்ளம் பாய்ந்தால் கட்டு அரித்துப் போகும். அதனால் மேலதிக நீர் வான் வழியாகவே வெளியேற வேண்டும். பழைய காலத்து மழைக் கணக்கில் அமைத்த வானை, இன்றைய கடும் மழைக்கு ஏற்ப மீண்டும் கணக்கிட வேண்டும்.

4. வேலை முடிந்தபின் யார் பார்ப்பார்கள்?
கட்டில் வேர்விடும் பெருமரங்கள், விலங்குகள் தோண்டும் வளைகள், அலையில் சரியும் கற்கள் இவையெல்லாம் மெல்ல மெல்ல வரும் கேடுகள். கசிவை மாதந்தோறும் அளந்து பதிவு செய்தால்தான் மாற்றம் தெரியும். கீழே வாழும் மக்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரும் வழியும் வேண்டும்.

உலக வங்கியின் உதவியோடு 2008இல் அங்கீகரிக்கப்பட்ட அணைக்கட்டுப் பாதுகாப்பு மற்றும் நீர்வளத் திட்டமிடல் செயற்றிட்டம் நம் நாட்டின் பல பழைய அணைகளைத் திருத்த வழிசெய்தது. அது நல்ல பணி. ஆனால் திட்டங்களுக்கு முடிவுத் திகதி உண்டு, குளக்கட்டுக்கு இல்லை. நான்காவது கேள்விக்கு விடையில்லாத புனரமைப்பு, எவ்வளவு செலவில் நடந்தாலும் முழுமையானதல்ல என்பதே என் மதிப்பீடு.

பொறியியலாளர்கள் எல்லா நாளும் கட்டில் நிற்கமாட்டார்கள். மாடு மேய்ப்பவரும் வயலுக்குப் போகிறவரும் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையும் தினமும் அவ்வழியே போகிறார்கள். குளத்தருகே உறவினர் உள்ள பெற்றோர்களே, சகோதரிகளே, கட்டின் அடியில் கலங்கல் நீரைக் கண்டால் உடனே நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ கமக்காரர் அமைப்புக்கோ அறிவிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை; தெளிந்த நீருக்கும் கலங்கிய நீருக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும்.