ஊரிலிருந்து ஜனனப் பதிவு நகல் பெறும் முறை

நமது சங்க அன்பர்களில் பலருக்கு இப்போது ஒரு தேவை ஏற்பட்டிருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் இந்திய அரசாங்கத்தின் ஓ.சி.ஐ. அட்டைக்கு மனுச் செய்யும்போது, அத்தாவோ பாட்டனாரோ இந்தியாவில் பிறந்தவர் என்பதற்கு அத்தாட்சி கேட்கப்படுகிறது. உடனே ஊரிலுள்ள மச்சானுக்குப் போன் செய்து, "முனிசிபாலிட்டியில் போய் ஒரு சர்ட்டிபிகேட் எழுதி வாங்கி அனுப்பு" என்கிறோம். இரண்டு மாதம் கழித்து, "அப்படி ஒரு பெயரே இல்லையாம்" என்று பதில் வருகிறது.

"எழுதி வாங்கு" என்ற சொல்லிலேயே பிழை தொடங்குகிறது. நகராட்சியார் நமக்காகப் புதிதாக எதையும் எழுதித் தருவதில்லை. ஒருவர் பிறந்தபோது யாரோ போய்ச் சொல்ல, ஒரு ரிஜிஸ்தரில் ஒரு வரி எழுதப்பட்டது. நாம் கேட்பது அந்த வரியின் நகல். வியாபாரிகளாகிய நமக்கு இது விளங்காத விஷயமன்று. பற்று எந்தக் கடையின் பேரேட்டில் ஏறியதோ அங்கேதான் கிடைக்கும். எந்தப் பெயரில் ஏறியதோ அந்தப் பெயரில்தான் கிடைக்கும்.

ஆகவே முதலில் தெரிய வேண்டியது பிறந்த இடம். குடியிருந்த ஊரன்று, பிரசவம் நடந்த ஊர். நம்மவரில் பேறுகாலத்திற்குத் தாய்வீடு போகும் வழக்கம் உண்டல்லவா? அந்தப் பிள்ளையின் பெயர் அத்தாவின் ஊரில் எப்படி இருக்கும்? ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் தேட வேண்டும்.

ஜில்லாக்களும் மாறிவிட்டன. பழைய பாஸ்போர்ட்டில் தஞ்சாவூர் ஜில்லா என்றிருக்கும் நாகூர், 1991 முதல் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இராமநாதபுரம் 1985இல் மூன்றாகப் பிரிந்தது. கடையநல்லூர் 2019இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தது. கிராமங்களில் முன்பு ரிஜிஸ்தர் எழுதியவர் கிராம முன்சீப். 1980இல் அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்ட பின்னர் கிராம நிர்வாக அலுவலர் எழுதி வருகிறார். பழைய புத்தகங்கள் அவரிடம் இரா; தாலுகா ஆபீசிலும் சப் ரிஜிஸ்திரார் ஆபீசிலும் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது பெயர். பழைய பதிவுகளில் குழந்தையின் பெயரைத் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. பெயர் வைக்குமுன்னரே பதிவு முடிந்திருக்கும். "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். தகப்பனார், தாயார் பெயரையும் தெருவையும் கொண்டே தேட வேண்டும். முஹைதீன் என்பது மைதீன் என்றும், முஹம்மது என்பது மம்மது என்றும் எழுத்தரின் காதில் விழுந்தபடி ஏறியிருக்கும். எல்லா உச்சரிப்புகளையும் கடிதத்தில் எழுதி அனுப்புங்கள்.

தேதி விஷயத்தில் என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். என் அத்தாவின் பாஸ்போர்ட்டில் 1948 ஜூன் முதல் தேதி என்றிருந்தது. அந்தத் தேதியைக் கொண்டு எங்கள் ஊரில் மும்முறை தேடியும் கிடைக்கவில்லை. ஊரில் ஒருவர், பாஸ்போர்ட் தேதியையே போட்டு முத்திரையுடன் 'சர்ட்டிபிகேட்' ஏற்பாடு செய்து தருவதாகவும், இன்ன தொகை அனுப்பும்படியும் சொன்னார். எனக்கும் ஒரு கணம் சபலம் தட்டியது, பொய் சொல்வானேன்? அத்தாவின் சாச்சி, தொண்ணூறைக் கடந்தவர், அப்போது ஹயாத்தோடிருந்தார். அவரிடம் கேட்டோம். "உங்க அத்தா நாகூர்ல நம்ம வீட்டுலதான் பொறந்தான். கந்தூரிக்குக் கொடி ஏறின மறுநாளு" என்றார்.

கொடியேற்றம் ஜமாதுல் ஆகிர் பிறை ஒன்றில். வீட்டுக் கிதாபு ஒன்றின் முன்னேட்டில் ஹிஜ்ரி 1368 என்று பாட்டனார் குறித்திருந்தார். அது 1949 மார்ச் கடைசியில் வருகிறது. அந்த மார்ச், ஏப்ரல் பக்கங்களை நாகப்பட்டினம் நகராட்சியில் தேடச் சொன்னோம். நாகூர் அந்த நகராட்சிக்கு உட்பட்டது. தெருவும் பாட்டனார் பெயரும் பொருந்த அந்த வரி கிடைத்தது. பெயர்க் கட்டம் மாத்திரம் வெறுமை. ஜூன் முதல் தேதி எப்படி வந்தது என்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயது நிறைய வேண்டுமென்று வாத்தியார் போட்டது. நம்மவரில் எத்தனை பேர் ஜூன் மாதத்தில் 'பிறந்திருக்கிறார்கள்' என்று எண்ணிப் பாருங்கள்!

உண்மை நகலையும், இரு தேதிக்கும் உரியவர் ஒருவரே என்ற சத்தியப் பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். மேலும் நான்கு மாதம் பிடித்தது. ஆனால் கேட்ட கேள்விக்கெல்லாம் கையில் பதில் இருந்தது. முத்திரைக்காரரின் தாளோ, எந்த ரிஜிஸ்தரிலும் இல்லாத வரியின் நகலாக இருந்திருக்கும். அதிகாரிகள் ஒரு கடிதம் எழுதிச் சரிபார்த்தால், சங்கடப்படுவது தாளை விற்றவரல்ல, மனுவில் கையெழுத்திட்ட பிள்ளை.

நகலுக்காக நாமே பிரயாணம் செய்ய வேண்டியதில்லை. இந்தியாவின் 1969ஆம் ஆண்டு ஜனன மரணப் பதிவுச் சட்டப்படி, கட்டணம் செலுத்தித் தேடச் சொல்லவும் நகல் பெறவும் எவருக்கும் இடமுண்டு. உறவினர் கையில் நமது அதிகாரக் கடிதம் இருந்தால் வேலை சுலபம். பதிவு இல்லாவிட்டால், 'இல்லை' என்பதையே எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஓராண்டு கடந்த பின் புதிதாகப் பதிவதற்கு வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். அதற்கு அந்த 'இல்லை' என்ற தாள் அவசியம்.

பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால், பதிவான ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், பதினைந்து ஆண்டுவரை தாமதக் கட்டணத்துடனும் பெயர் சேர்க்கலாம். அதையும் கடந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பலமுறை அவகாசம் நீட்டப்பட்டிருக்கிறது. இப்போது உண்டா என்று அந்தந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஊரில் பேரப்பிள்ளை பிறந்திருந்தால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். 2023 அக்டோபர் முதல் தேதியும் அதற்குப் பின்னும் அங்கே பிறந்தவர்களுக்கு, பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை வயதுக்கு இந்தப் பத்திரமே அத்தாட்சி. வாத்தியார் போடும் தேதி இனிச் செல்லாது.

நகல் வந்ததும் லாமினேட் செய்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் கொடுப்பதற்கு இந்தியாவில் அப்போஸ்டில் முத்திரை பெறலாம். அந்த ஒப்பந்தம் சிங்கப்பூரில் 2021 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. மலேசிய அன்பர்கள் எந்த முத்திரை தேவையென்று கேட்கும் அலுவலகத்திலேயே விசாரித்துக்கொண்டு, அதன் பிறகு ஊருக்கு எழுதவும்.