கம்பளிக்குப் பின்னால் ஓர் ஆடு



"குற்றாலச் சாரலுக்கே ஒரு துண்டு போதும், நமக்கு எதுக்குய்யா கம்பளி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம்ம குத்துக்கல்வலசை, தென்காசி வட்டாரத்தில் கிடை போடும் ஆடுகளைப் பாருங்கள். கீழக்கரிசல், செவ்வாடு, வேம்பூர் என எந்த இனமானாலும் உடம்பில் முடிதான் இருக்கும், கம்பளி இருக்காது. கறிக்கும், வயலுக்கு உரமாகும் புழுக்கைக்கும்தான் அவற்றை வளர்க்கிறோம்.

ஆனால் டிப்ளமோ முடித்துத் திருப்பூர், கோவை என்று ஆலை வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் உண்டு. அங்கே எந்த மூலப்பொருள் வந்தாலும், "இது எங்கிருந்து வந்தது? எப்படி வந்தது?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. இதைப் புரிந்துகொள்ளக் கம்பளி ஒரு நல்ல பாடம்.

இழையும் இனமும்

பருத்தி செல்லுலோஸ்; கம்பளியோ நம் தலைமுடி மாதிரி கெரட்டின் என்னும் புரதம். இழையின் தடிமனை மைக்ரானில் அளப்பார்கள். மெல்லிய மெரினோ இழை உடைக்கு ஆகும். தடித்தது பெரும்பாலும் தரைவிரிப்புக்கு ஆகும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 7.43 கோடி செம்மறிகள் இருந்தன. இருந்தும் நம் நாட்டுக் கம்பளியில் பெரும்பகுதி தரைவிரிப்பு ரகம். மெல்லிய கம்பளிக்கு ஆஸ்திரேலியாவைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறோம்.

தமிழ்நாட்டிலும் உடைக்கேற்ற கம்பளி உண்டு. 19-ம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் நாட்டு ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்களைக் கலந்து உருவானது நீலகிரி ஆடு. உதகை அருகே சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அதைக் காத்துவருகிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இருக்கிறது. அங்கே பாரத் மெரினோ ஆடுகளைப் பார்க்கலாம்.

ஆட்டின் கஷ்டம் இழையில் தெரியும்

ஆடு பட்டினி கிடந்தாலோ, நோயில் விழுந்தாலோ, அந்த நாட்களில் வளரும் இழை மெலிந்துபோகும். பிறகு ஆலையில் சீவும்போது சரியாக அந்த இடத்தில்தான் அறுபடும். கழிவு கூடும், நூல் தரம் குறையும். ஆகவே ஆட்டை நல்லபடியாக வைத்துக்கொள்வது இரக்கம் மட்டுமல்ல, தரக்கட்டுப்பாடும்கூட!

வாலடியில் கத்தி

கூடுதல் கம்பளி வேண்டுமென்று தோல் மடிப்பு அதிகமுள்ள மெரினோக்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அந்த மடிப்புகளில் சிறுநீரும் சாணமும் தங்கின. ஈ முட்டையிட்டது. புழு உயிரோடு சதையைத் தின்றது. இதற்கு ஆஸ்திரேலியாவில் கண்ட வழி 'மியூல்சிங்': குட்டியின் வாலடித் தோலைச் சீவி எடுத்துவிடுவது. ஆறிய வடுவில் கம்பளி முளைக்காது, ஈயும் அண்டாது. ஆனால் குட்டி படும் வேதனை?

சும்மா விட்டால் புழு, வெட்டினால் ரணம். அப்போ என்னதான் வழி? மடிப்பில்லாத இனத்தைத் தேர்ந்து வளர்ப்பது, வாலடிக் கம்பளியை அடிக்கடி கத்தரிப்பது, ஈ வரும் பருவத்தில் மருந்து தெளிப்பது, இவைதான். நியூசிலாந்து 2018-ல் மியூல்சிங்கைத் தடை செய்தது. "ஆட்டுக்கு வாலை அளந்து வைத்தான்" என்பார்கள் நம்ம பெரியவர்கள். அளவை மாற்றியது மனிதன்; ரணத்தைச் சுமந்தது ஆடு.

சான்றிதழ் எதற்கு?

பல பண்ணைக் கம்பளி ஒரே மூட்டையில் கலந்துவிட்டால் எது எந்தப் பண்ணை என்று யாருக்குத் தெரியும்? இதற்காகவே டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு 2016-ல் 'பொறுப்பான கம்பளித் தரம்' என்ற விதிமுறையை வெளியிட்டது. அது வற்புறுத்திய முக்கிய விஷயங்கள்:

1. போதிய தீவனம், தண்ணீர், நிழல்.
2. வலிக்கும் நோய்க்கும் உடனே சிகிச்சை, மியூல்சிங் கூடாது.
3. மிரட்டாமல், அடிக்காமல் கையாளுதல்.
4. மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்காமை.
5. பண்ணையிலிருந்து ஆலை வரை கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் சான்று.

ஐந்தாவதில்தான் நமக்கு வேலை. ஸ்டோர் பதிவேட்டில் லாட் எண்ணை மாற்றி எழுதினால், பண்ணையில் ஒருவர் பட்ட பாடெல்லாம் வீண்.

யார் தலையில் செலவு?

இங்கே ஒரு நியாயம் பேசியாக வேண்டும். விதி போடுவது எங்கேயோ இருக்கிற பெரிய கம்பெனி. கூடுதல் செலவு மட்டும் ஆடு வளர்ப்பவர் தலையிலா? நல்ல கம்பளிக்கு நல்ல விலை கிடைக்காவிட்டால் அவர் இனத்தையே கைவிடுவார். நீலகிரி ஆடு இன்று சொற்ப எண்ணிக்கைக்கு வந்துவிட்டது. ஆட்டின் நலமும் ஆட்டுக்காரர் நலமும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

கம்பளி இல்லாத நம்ம ஊர் ஆட்டுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். தேவையற்ற வலி தரும் விதத்தில் விலங்கை ஏற்றிச் செல்வது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். சந்தைக்குப் போகும் வண்டியில் கால் கட்டிக் குவித்துக் கிடக்கும் ஆடுகளைப் பார்த்தால், நாலு வார்த்தை பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

நண்பர்களே, நாளை நீங்கள் சூப்பர்வைசர் ஆகலாம், கொள்முதல் அதிகாரியும் ஆகலாம். விலை என்ன என்று கேட்பதோடு நிறுத்தாமல், வந்த வழி என்ன என்றும் கேளுங்கள். வாயில்லா ஜீவனுக்காக அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.