ஒரே அலைவரிசை, ஓராயிரம் பேர்! (1ஜி முதல் 5ஜி வரை)

செல்போன் தலைமுறைகளைப் பற்றித் தேர்வில் கேட்டால் வேகத்தை மட்டும் மனப்பாடமாக எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். சொல்லப்போனால் ஐந்து தலைமுறையும் ஒரே கேள்விக்கு எழுதிய ஐந்து விடைகள்தான். அலைவரிசை கொஞ்சம், பேசுவோர் கோடிப் பேர். எப்படிப் பங்கு போடுவது?

செல் என்றால் என்ன?

ஊரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டவர் வைக்கிறார்கள். அந்த வட்டாரமே 'செல்'. ஒரு செல்லின் அதிர்வெண்ணைச் சற்றுத் தள்ளியுள்ள செல்லில் மறுபடியும் பயன்படுத்தலாம்.

1ஜி

1979-ல் டோக்கியோவிலும், 1983-ல் சிகாகோவிலும் வந்த அனலாக் முறை. அமெரிக்க முறையில் ஒரு சேனல் 30 கிலோ ஹெர்ட்ஸ். வீட்டுக்கு ஒரு குழாய் மாதிரி; பேசாமல் சும்மா இருந்தாலும் அது அவருக்கே.

2ஜி

1991-ல் பின்லாந்தில் ஜி.எஸ்.எம். சேவை தொடங்கியது. 200 கிலோ ஹெர்ட்ஸில் 8 பேர், தெருக்குழாயில் குடம் வைப்பதுபோல் முறைவைத்துப் பேசுவார்கள். ஒரு முறைக்கு 577 மைக்ரோ செகண்டுதான், காதுக்குத் தெரியாது. 200-ஐ 8-ஆல் வகுத்தால் 25. இதில் என்ன பெரிய லாபம்? லாபம் டிஜிட்டலில் இருக்கு. பிழை திருத்தும் பிட்டுகள் சேர்வதால் குறுக்கீட்டைத் தாங்கும்; அதே அதிர்வெண்ணை இன்னும் நெருக்கமான செல்லிலேயே திரும்பப் பயன்படுத்தலாம். 31.7.1995 அன்று ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த சுக்ராமுடன் பேசியபோது நம் நாட்டிலும் செல்போன் சேவை தொடங்கியது.

3ஜி

2001, ஜப்பான். 5 மெகா ஹெர்ட்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசலாம், ஆளுக்கொரு கோடு. கல்யாண மண்டபத்து இரைச்சலில் நம்ம பாஷை மட்டும் நம் காதில் விழுவதில்லையா, அப்படி. ஆனால் பக்கத்தில் இருப்பவர் கத்தினால் தூரத்தில் இருப்பவர் குரல் அமுங்கிவிடும். அதனால் போனின் பவரை நொடிக்கு 1500 தடவை சரி செய்கிறார்கள்.

4ஜி

2009, ஸ்டாக்ஹோம், ஓஸ்லோ. ஏரித் தண்ணீரைச் சிறு வாய்க்கால்களாகப் பிரிப்பதுபோல, அலைவரிசையை 15 கிலோ ஹெர்ட்ஸ் துண்டுகளாக்கி, யாருக்கு எவ்வளவு தேவை என்று மில்லி செகண்டுக்கு ஒருமுறை பங்கிடுவார்கள். பேச்சும்கூட டேட்டா பாக்கெட்டாகவே போகும்.

5ஜி

2019-ல் தென்கொரியாவிலும், 1.10.2022-ல் இந்தியாவிலும் வந்தது. துண்டு போடும் முறை 4ஜி மாதிரியேதான். புதுசு எதுவென்றால், பல ஆன்டெனாக்கள் சேர்ந்து சிக்னலை உங்கள் போன் இருக்கும் திசைக்கே குவிப்பது. ஆனால் 3.5 கிகா ஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டச் சிரமப்படும். எனவே டவர்கள் நெருக்கமாக வேண்டும்.

முடிவுரை

புதுசு வந்தவுடன் பழசு போய்விடாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டால் எங்கம்மா எடுப்பது 2ஜி பட்டன் போன்தான். அந்த 2ஜியை நிறுத்திவிட்டால் அவருக்குப் புது போன் வாங்க வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போய்விடும். நாளை டவரில் வேலை பார்க்கப் போகிற நாம் 5ஜியோடு 2ஜியையும் பழுது பார்க்கக் கற்போம். இரண்டிலும் நம்மவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்!